வளர்ப்பு முயலின் உரோம நிறம்: தோற்றமும் வளர்ச்சியும் உதிர்ச்சியும்

இயல் 1: ஆய்வின் தேவை

முயலின் கால்களைப் பற்றித் தமிழில் நடந்த அளவுக்கு விவாதம் வேறெங்கும் நடந்திருக்காது. மூன்று என்று ஒரு தரப்பு, நான்கு என்று மறு தரப்பு. இன்றுவரை சமரசம் ஏற்படவில்லை. மூன்று என்ற தரப்பினரே பெரும்பாலான துறைகளுக்குத் தலைவர்களாக இருந்துவருவதால் இனியும் ஏற்படாது. முயலின் கொம்பும் போதிய அளவு ஆராயப்பட்டுவிட்டது. இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்லிச் சொல்லியே தருக்க நூலார் அதற்கு ஓர் இருப்பை உண்டாக்கிவிட்டார்கள். (அமெரிக்கக் காட்டுமுயல்களின் தலையில் கொம்பு போன்ற வளர்ச்சிகளை உண்டாக்குவது ஒரு வைரஸ் என்று 1933இல் ரிச்சர்ட் ஷோப் காட்டினார். தருக்க நூலாரிடமிருந்து இதற்கு மறுப்பு ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.)

காலுக்கும் கொம்புக்கும் இடைப்பட்ட பெரும்பரப்பாகிய உரோமம் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சந்தையில் கறுப்பு என்று வாங்கிய குட்டி நான்கு மாதத்தில் பழுப்பாகிறது. இன்னொரு கறுப்பு வெள்ளியாகிறது. வெள்ளை என்று வாங்கியது மூக்கில் மை பூசிக்கொள்கிறது. வாங்கியவர் விற்றவரைச் சந்தேகிக்கிறார். விற்றவர், வாங்கியவர் போட்ட தீவனத்தைச் சந்தேகிக்கிறார். முயல் யாரையும் சந்தேகிக்காமல் மென்றுகொண்டிருக்கிறது. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம். இந்தத் தொடர் இல்லாத கட்டுரையை எந்த ஆய்விதழும் பணம் வாங்கிக்கொண்டுகூட வெளியிடாது என்பதால், அதை முதல் இயலிலேயே எழுதி முடித்துவிட்டோம்.

இயல் 2: முன்னோர் மொழிந்தவை

தமிழில் எதை ஆராய்ந்தாலும் அது திருக்குறளில் இருப்பதாக நிறுவிவிட்டே மேலே செல்ல வேண்டும். இங்கே அதற்கு அதிகச் சிரமம் இல்லை. படைச்செருக்கு அதிகாரத்தில், 772ஆம் குறளில் ஒரு முயல் வருகிறது. அதன்மேல் அம்பு பாய்கிறது. நிறம் சொல்லப்படவில்லை. பரிமேலழகரும் சொல்லவில்லை.

இந்த மௌனத்துக்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, முயலின் நிறம் அக்காலத்தில் சிறுபிள்ளையும் அறிந்த செய்தி; எழுதத் தேவைப்படவில்லை. இரண்டு, அந்த முயல் நிறம் மாறும் பருவத்தில் இருந்தது. எந்த நிறத்தைச் சொன்னாலும் உரை எழுதி முடிப்பதற்குள் பொய்யாகிவிடும் என்று பெரியோர் அஞ்சினர். மூன்று, அந்தக் குறள் வீரத்தைப் பற்றியது, முயலைப் பற்றியது அன்று. மூன்றாவது விளக்கம் மிக எளிதாக இருப்பதால் அதைத் தள்ளுகிறோம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் காடுகளில் அம்புக்கு அகப்படக்கூடிய முயல் லீபஸ் நைக்ரிகாலிஸ். பிடரியில் கறுப்புத் திட்டு உள்ளது. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. வீட்டுக் கூண்டில் இருப்பதோ ஒரிக்டோலேகஸ் குனிகுலஸ். ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கம் அதற்குப் பூர்வீகம். பிறக்கும்போது உடம்பில் முடி கிடையாது. கண் திறக்கப் பத்து நாள் ஆகும். இரண்டுக்கும் பேரினமே வேறு. ஆகவே வள்ளுவரின் முயலுக்கும் இக்கட்டுரையின் முயலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் மேற்கோளை நீக்கப்போவதில்லை. தொடர்பில்லை என்ற காரணத்துக்காக மேற்கோள்களை நீக்கத் தொடங்கினால் நம் நூலகங்களில் பாதி அலமாரி காலியாகிவிடும்.

மேலைநாட்டுக்கு வருவோம். வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் வேறுபாடுகளைப் பற்றி 1868இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூலில் முயலுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அவர் முயல் எலும்புகளை அளந்தார். இமாலய முயல் எனப்படும் இனத்தின் குட்டிகள் வெள்ளையாகப் பிறப்பதையும், சில மாதங்களில் காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை மட்டும் கறுப்பதையும் எழுதிவைத்தார். இதே இனத்தை ரஷ்ய முயல், சீன முயல், எகிப்து முயல் என்றும் அழைத்திருக்கிறார்கள். இருந்த கூண்டைவிட்டு நகராமல் இத்தனை நாடுகளின் பெயரைச் சேர்த்துக்கொண்டது அந்த முயல். பயணப்படி கோராமல் பன்னாட்டுத் தகுதி பெற்ற ஒரே ஆய்வுப்பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

1930இல் ஹார்வர்டின் டபிள்யூ. ஈ. காசில் வளர்ப்பு முயல்களின் மரபியலுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்று இத்துறையார் முயலின் நிறத்தை ஏ, பி, சி, டி, ஈ என்ற ஐந்து எழுத்துகளுக்குள் அடக்குகிறார்கள். முடியில் பட்டை விழுமா என்பது ஏ. கறுப்பா சாக்லேட்டா என்பது பி. நிறம் எவ்வளவு, உடம்பில் எங்கெங்கே என்பது சி. அடர்த்தியா வெளிறலா என்பது டி. கறுப்பு எவ்வளவு தூரம் பரவலாம் என்பது ஈ. இவற்றுக்குள் அடங்காத முயல்களுக்காக மேலும் சில எழுத்துகளைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். தமிழில் 247 எழுத்துகள் இருந்தும் நாம் இத்துறையில் பின்தங்கியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

இயல் 3: களமும் தகவலாளரும்

ஆய்வுக்களம், சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிப் பால்கனி. வடக்கே கொடிக்கயிறு, தெற்கே பழைய செய்தித்தாள் கட்டு, கிழக்கே ஏசியின் வெளிப்பெட்டி, மேற்கே கொசுவலை அடித்த சன்னல். இவ்வெல்லைக்கு அப்பால் நிகழும் நிற மாற்றங்களுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

ஆய்வுப்பொருள், குட்டியாக வாங்கப்பட்ட ஒரு பெண் முயல். அப்போது கரிய நிறம். விற்றவர் இரண்டு உறுதிமொழிகள் தந்தார்: இது குள்ள ரகம், இதற்குமேல் வளராது; இதே கலர்தான், மாறாது. முதல் உறுதிமொழியின் கதி இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

முதன்மைத் தகவலாளர், முயலின் சொந்தக்காரியும் ஏழாம் வகுப்பு மாணவியுமான அண்ணன் மகள். ஆய்வு நெறிமுறைக் குழுவின் தலைவரும் உறுப்பினரும் அவரே. துணைமைத் தகவலாளர்கள் மூவர்: அடுத்த வீட்டு மாமி, இரவுக் காவலாளி, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். முயல் வந்த அன்று மாலையே குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், “இது கறுப்பு முயல்” என்று பேராசிரியர் அறிவித்திருந்தார். முதலில் வெளியிட்டவருக்கே முன்னுரிமை என்ற அறிவியல் மரபுப்படி, இம்முயலைப் பற்றிய முதல் பதிவு அதுவே.

மூல ஆவணமாகிய ஆய்வுக் குறிப்பேட்டின் தொடக்கப் பக்கங்கள் கிடைக்கவில்லை. ஆய்வுப்பொருள் அவற்றைத் தின்றுவிட்டது. சுவடிகள் செல்லரித்ததால் நூல்கள் அழிந்த வரலாற்றை நாம் அறிவோம். தன்னைப் பற்றிய நூலைத் தானே அழித்த வகையில் இந்த முயல் சுவடியியலில் ஒரு புதிய இயலைத் தொடங்கி வைக்கிறது.

இடைப்பிறவரலாக ஒன்று. வைணவ அறிஞர்கள் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என்று இரண்டு வகுத்தார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. முயல்குட்டி நியாயம் என்று ஒன்றை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தாய்முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை கூட்டுக்கு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டி பற்றுவதுமில்லை, தாய் தூக்குவதுமில்லை. மற்ற நேரமெல்லாம் குட்டி காத்துக் கிடக்கிறது. நெறியாளரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் எந்த நியாயத்தில் அடங்குவர் என்ற நெடுநாள் ஐயம் இதனால் தீர்கிறது.

இயல் 4: நிறம் மாறும் முறை

தோலைவிட்டு வெளியே வந்த முடி உயிரற்றது. அதில் இருக்கும் மெலனின் அதற்குப் பிறகு கூடுவதில்லை. ஆகவே முயல் நிறம் மாறியது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. பழைய முடி உதிர்ந்து வேறு நிறத்தில் புது முடி வந்திருக்கிறது. அல்லது இருக்கும் முடி நீண்டு, இதுவரை தோலுக்குள் இருந்த பகுதி வெளியே வந்திருக்கிறது.

இரண்டாவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. மெலனினில் இரண்டு வகை: கறுப்புக்கும் பழுப்புக்கும் யூமெலனின், மஞ்சளுக்கும் செம்மைக்கும் பியோமெலனின். முடி வளரும்போது வேர் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செலுத்தினால் ஒரே முடியில் பட்டை பட்டையாக நிறம் விழும். காட்டுநிற முயலுக்கு நுனி கறுப்பு, நடுவில் செம்மஞ்சள், அடியில் கருஞ்சாம்பல். முடியில் முதலில் வெளியே வருவது நுனி. எனவே பிறந்து சில நாட்களில் குட்டி முதுகெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது. முடி நீள நீள நடுப்பட்டை வெளிவந்து குட்டி பழுப்பாகிறது. முயல் மாறவில்லை; சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான்.

மாற்றுக் கொள்கைகளையும் பதிவுசெய்வது கடமை.

உணவுக் கொள்கை: கேரட் தின்றதால் முயல் சிவந்தது (மாமி, வாய்மொழி). கருவுற்றிருந்தபோது குங்குமப்பூ போட்ட பால் குடித்த அனுபவத்திலிருந்து இக்கொள்கை எழுந்தது. மாமியின் மகன் நிறத்தைக் கொண்டு இதை மறுக்கலாம், ஆனால் மாமி எதிரில் மறுக்க முடியாது. செடிகளில் உள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் சில வேளை ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் போவது உண்மை. ஆக, தின்ற நிறம் வெளிப்படத்தான் செய்கிறது; வெளிப்படும் இடம்தான் வேறு.

தண்ணீர்க் கொள்கை: லாரித் தண்ணீரால் வந்த வினை (காவலாளி, வாய்மொழி, வாயிற்கதவு). சென்னையில் முடி தொடர்பான எல்லாவற்றுக்கும் தண்ணீரே காரணம் என்பதால் மேலும் விசாரிக்கவில்லை.

தாமிரக் கொள்கை: நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி தாமிரத்தின் துணையோடு இயங்குவது. உணவில் தாமிரம் கடுமையாகக் குறைந்தால் கறுப்பு முடி மங்கும். இதைக் கேள்விப்பட்ட அன்றே மாமி கூண்டுக்குள் செம்புக் குவளையை வைத்தார். முயல் அதைக் கவிழ்த்தது.

இயல் 5: வகைப்பாடு

வகை 1. செங்கண் வெள்ளை: மாறாது.

வகை 2. டச்சு: கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான கோடு முடி முளைக்கும் முன்பே தோலில் தெரியும், பிறகு நகராது. எல்லைத் தகராறு இல்லாத ஒரே வகை.

வகை 3. அங்கோரா: முடி மிக நீளம் என்பதால் உள்ள நிறமே வெளிறித் தெரியும். சீவுவதிலேயே நேரம் போய்விடுவதால் சொந்தக்காரர்கள் நிறத்தைக் கவனிப்பதில்லை.

வகை 4. சின்சில்லா: காட்டுநிறத்திலிருந்து மஞ்சளை மட்டும் எடுத்துவிட்டால் வருவது. கொடைக்கானல் மேல்மலை மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்குப் போகிறவர்கள் சோவியத் சின்சில்லா என்ற இனத்தைப் பார்க்கலாம். சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது. முயல் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

வகை 5. வெள்ளி: ‘சாம்பெயின் தார்ஜான்’ என்ற பழைய பிரெஞ்சு இனத்தின் குட்டிகள் கன்னங்கரேலென்று பிறக்கும். சில வாரங்கள் கழிந்ததும் கறுப்பினிடையே வெள்ளை முடிகள் புறப்பட்டு, சில மாதங்களில் உடம்பெல்லாம் பழைய வெள்ளி நிறமாகிவிடும். மனிதர்களுக்கு ஆய்வேடு எழுதும் காலத்தில் நிகழ்வதை இம்முயல் விளையாட்டுப் பருவத்திலேயே முடித்துக்கொள்கிறது.

வகை 6. ஆமையோட்டு நிறம்: செம்மஞ்சள் உடம்பு; மூக்கிலும் காதிலும் விலாவிலும் கருநிழல். குட்டியில் எது உடம்பு, எது நிழல் என்று பிரித்துச் சொல்வது கடினம். வளர வளர நிழல் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

வகை 7. இமாலயம்: இதன் டைரோசினேஸ் சூட்டில் வேலை செய்யாது. முயலின் உடல்வெப்பம் 38.5 பாகைக்கு மேல் இருப்பதால் உடம்பு வெள்ளை. காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை குளிர்ந்த ஓரங்கள் என்பதால் கறுப்பு. பிறந்த குட்டிகளின் கூடு குளிர்ந்துவிட்டால் உடம்பெங்கும் சாம்பல் படர்வதும் உண்டு. அடுத்த முடியில் அது போய்விடும். கலிபோர்னியன் முயலுக்கும் சயாமியப் பூனைக்கும் இதே கதைதான்.

பாடநூல்களில் வரும் சோதனை ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. இமாலய முயலின் வெள்ளை முதுகில் ஒரு சதுரம் மழித்து, அதன்மேல் பனிக்கட்டிப் பையைக் கட்டிவைத்தால் அங்கே முளைக்கும் முடி கறுப்பு. இதே விதியால் வெயில் ஊரில் மூக்குக் கறுப்பு மங்கும், மலை ஊரில் அடர்த்தியாகும். இதிலிருந்து ‘மின்வெட்டுக் கோட்பாடு’ ஒன்றை உருவாக்கியிருக்கிறோம்: ஏசி அறையில் வளரும் இமாலய முயலின் காதைப் பார்த்தே அந்த வட்டாரத்தில் மின்சாரம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிட முடியும். முடி முளைக்கும் காலத்து வெப்பமே நிறத்தில் பதியும் என்பதால், கணக்கு சில வாரம் பிந்தித்தான் கிடைக்கும். மின்வாரியத்துக்குப் புகார் எழுதுவோருக்கு அந்தத் தாமதம் புதிதல்ல. இதைச் சோதிக்கப் பனிக்கட்டி, சவரக் கத்தி, ஓர் இமாலய முயல் ஆகியவற்றுக்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்தோம். குழு, “சித்தப்பா, வேற வேலை இல்லையா உங்களுக்கு?” என்று எழுத்துபூர்வமற்ற முறையில் நிராகரித்தது.

வகை 8. பொய்மாற்றங்கள்: வெயிலில் கிடந்து கறுப்பு துருவேறுவது, காயம்பட்ட இடத்தில் வெள்ளை முடி முளைப்பது, கூண்டைக் கழுவாததால் பாதம் மஞ்சளாவது. கடைசி வகையைச் சிலர் புதிய இனமாக அறிவித்திருக்கக்கூடும்.

வகை 9. இவற்றுள் எதிலும் அடங்காதவை: சந்தையில் கிடைக்கும் முயல்களுள் பெரும்பான்மை.

இயல் 6: ஊதற்படலம்

ஒரு முயல் பட்டைமுடி வகையா, ஒருநிற வகையா என்று அறிய நுண்ணோக்கி வேண்டாம். ஊதினால் போதும். விலாப்புறத்து உரோமத்தில் வாயால் ஊதினால் முடி வட்டமாகப் பிரியும். தோலிலிருந்து வெளிநோக்கிக் கருஞ்சாம்பல், செம்மஞ்சள், கறுப்பு என்று வளையங்கள் தெரிந்தால் அது பட்டைமுடி. வளையம் இல்லாமல் ஒரே நிறம் அடிவரை மங்கிக்கொண்டே போனால் அது ஒருநிறம். வெளிநாட்டு முயல் கண்காட்சிகளில் நடுவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். முழுச் செய்தியும் இவ்வளவே. ஆனால் ஓர் இயலை ஒரு பத்தியில் முடித்தால் அது இயல் ஆகாது என்பதால் மேலே தொடர்கிறோம்.

ஊதுவோர் மூன்று சமயத்தார். வாயூதியர், விசிறியர், எந்திரவாதியர்.

வாயூதியர், மூச்சே கருவி என்பர். இவர்களுக்குள் உட்பிரிவு இரண்டு. முடி படிந்திருக்கும் திசையிலேயே ஊத வேண்டும் என்போர் வழியூதியர். அதற்கு எதிர்த்திசையில் ஊத வேண்டும் என்போர் எதிரூதியர். வழியூதியருக்கு எதுவும் தெரிவதில்லை. முடி இன்னும் நன்றாகப் படிந்துகொள்கிறது. எதுவும் தெரியாமையே தங்கள் நெறியின் தூய்மைக்குச் சான்று என்று அவர்கள் வாதிடுகிறார்கள். எதிரூதியருக்கு வளையம் தெரிகிறது. அதனாலேயே அவர்களை யாரும் நம்புவதில்லை (மாமி, கொடிக்கயிற்று உரைகள், காலைத் தொகுதி).

ஊதுமுன் எதை அருந்தியிருக்க வேண்டும் என்பது அடுத்த சர்ச்சை. ஃபில்டர் காபி அருந்தியவரின் மூச்சு முடியை மெல்லப் பிரிக்கிறது, டீ குடித்தவரின் மூச்சு கலைக்கிறது (மாமி, கொடிக்கயிற்று உரைகள், இரண்டாம் திருத்திய பதிப்பு, ‘வடாம் காய்ந்த பின்’ என்னும் பின்னிணைப்பு. இதற்கு மறுப்பாகக் காண்க: அவர் மருமகள், ‘எங்க மாமியார் அப்படிச் சொல்லவே இல்ல’, அச்சேறாதது, அடுக்களை வாசலில் வாய்மொழியாகக் கிடைத்தது). மேற்படி மருமகள் தேநீர்க் கட்சி என்பதையும் ஆய்வுலகம் கருத்தில் கொள்ள வேண்டும்.

விசிறியர், மூச்சு படுவது தீட்டு என்று பனையோலை விசிறியைப் பரிந்துரைப்பர். விசிறிக்காற்று முயலின் விலா முழுவதிலும் பரவுவதால் வளையம் உருவாகாது. வளையம் என்பதே வாயூதியரின் கற்பனை என்பது இவர்களின் முடிவு. கூடவே விசிறியின் ஓரத்தை முயல் தின்றுவிடுவதால் ஒவ்வொரு சோதனையிலும் விசிறியின் பரப்பு குறைந்து, முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் போகிறது (காவலாளி, ‘ராத்திரி டூட்டியில் நான் பார்த்தவை’, கொசுவத்திச் சுருள் இரண்டாம் சுற்று தொடங்கி மூன்றாம் சுற்று முடிய, நான்காம் சுற்றில் ஆசிரியர் உறங்கிவிட்டார், எஞ்சிய பகுதி இடைச்செருகலாக இருக்கலாம்).

எந்திரவாதியர் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தவர்கள். வெப்பமும் இரைச்சலும் முயலுக்கு ஆகாது. அச்சம் வந்தால் முயல் பின்னங்காலால் தரையை ஓங்கி அறையும். அந்த ஒலியையே எந்திரவாதியர் ‘ஆம்’ என்ற விடையாகக் குறித்துக்கொண்டார்கள். நெறிமுறைக் குழு தலையிட்டு ஹேர் டிரையரைப் பறிமுதல் செய்தது. அது இப்போது குழுத் தலைவரின் தனிப் பயன்பாட்டில் உள்ளது.

இனி நம் முயலுக்கு வருவோம். எதிரூதிய முறையில், விலாவில், காபி அருந்திய நிலையில் ஊதப்பட்டது. மூன்று வளையமும் தெரிந்தன. காதின் உட்புறமும் வயிறும் கண்ணைச் சுற்றிய வட்டமும் முதலிலிருந்தே வெளிறியிருந்தன. அவை பட்டைமுடி வகையின் அடையாளங்கள். இந்த வெள்ளைக் காதை, முயல் வந்த மறுநாளே முதன்மைத் தகவலாளர் சுட்டிக்காட்டியிருந்தார். பள்ளி மாணவியின் கூற்று என்பதால் அது மேற்கோள் தகுதி பெறவில்லை.

மூன்றாம் மாடி அறிஞர் இம்முடிவை ஏற்கவில்லை. அவர் தந்த விளக்கம்: “அடிப்படையில் இது கறுப்புதான். இப்போது தெரிவது கறுப்பின் பழுப்பு வகைமை” (பேராசிரியர், குடியிருப்போர் குழுக் குரல்பதிவு, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றிய அறிவிப்புக்கும் காணாமற்போன செருப்பு பற்றிய அறிவிப்புக்கும் இடைப்பட்டது, முதல் இருமலுக்குப் பிந்தைய பகுதி. இதையடுத்த ஒரு சொல் குக்கர் விசிலால் சிதைந்துள்ளது. ‘பட்டை’ என்றும் ‘சட்டை’ என்றும் ‘கட்டை’ என்றும் பாடம். ‘சட்டை’ என்ற பாடத்தைக் கொண்டால் பொருள் சிறக்கும். ‘கட்டை’ என்று கொண்டால் நீளம் குறையும். இரண்டையும் ஒதுக்கி ‘மட்டை’ என்று திருத்திப் படிக்க வேண்டும் என்பார் தரைத்தளத்து வழக்கறிஞர். அவர் அந்தப் பதிவைக் கேட்டதில்லை.)

இயல் 7: உதிர்ச்சி

முயல் குட்டி முடியோடு வாழ்ந்துவிடுவதில்லை. நான்கு, ஐந்து மாத வாக்கில் குட்டிப் பருவத்து மென்முடி உதிர்ந்து, ஆறு மாதம் தாண்டும்போது பெருமுயலின் முடி வந்து நிற்கும். அதன் பிறகும் ஆண்டுக்கு இரண்டு பெரிய உதிர்வுகள் உண்டு. குளிர்நாடுகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் என்று தெளிவாகப் பிரிந்திருக்கும். சென்னையில் வெயில், கடும் வெயில், அடைமழை என்ற பருவங்களே இருப்பதால் இங்கே முயல் தன் விருப்பப்படி உதிர்க்கிறது. பெரும்பாலும் தலையில் தொடங்கிப் பின்னோக்கி நகரும். நடுவழியில் பார்த்தால் முன்பாதி புது நிறம், பின்பாதி பழைய நிறம், இடையில் ஒரு கோடு. புதுமுடி முளைக்கும் இடத்தில் தோலும் கருத்திருக்கும். அங்கே நிறமி ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த நாட்களில் முயலின் முடி பால்கனியில் இருக்காது. சாம்பாரில் இருக்கும், சட்டைக் காலரில் இருக்கும், மாமி வீட்டு வடாத்தில் இருக்கும். தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் முயல் முடியை விழுங்கும். பூனையைப்போல வாந்தி எடுக்க அதனால் இயலாது. ஆகவே இக்காலத்தில் நாள்தோறும் சீவிவிட்டு, புல்லும் தழையும் நிறையத் தர வேண்டும். வேலிமசாலும் அருகம்புல்லும் நல்லவை. ஆய்வுக்கட்டுரையில் பயனுள்ள செய்தி இடம்பெறுவது வழக்கமில்லை. இந்தப் பத்தியை அதற்கான விதிவிலக்காகக் கொள்க.

இவ்வியலின் தலையாய கண்டுபிடிப்பு ஓர் ஒப்பாய்வில் கிடைத்தது. ஒரே கட்டடத்தில் வாழும் இரண்டு உயிர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன: இரண்டாம் மாடி முயல், மூன்றாம் மாடி அறிஞர். முயல் தன் இளமைக் காலத்து மேற்போர்வையை ஐந்தாம் மாதத்தில் உதிர்த்துவிட்டது. அறிஞரோ தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கருதுகோளை ஓய்வூதியம் பெறும் காலத்திலும் அப்படியே அணிந்திருக்கிறார். வெப்பம், குளிர், பகலின் நீளம், எதிர்ச்சான்று ஆகிய எதனாலும் அது உதிர்வதாகத் தெரியவில்லை. இத்தகைய நிறநிலைப்பு விலங்குலகில் செங்கண் வெள்ளையிடம் மட்டுமே காணப்படுகிறது. அதற்கு நிறமியே கிடையாது என்பது நினைவுகூரத்தக்கது.

இயல் 8: முடிவுகளும் பரிந்துரைகளும்

முடிவு 1. முயல் குட்டியின் நிறத்தைப் பார்த்துப் பெரிய முயலின் நிறத்தைச் சொல்லலாம். ஆனால் மேல்நிறத்தை அல்ல, காதின் உட்புறத்தையும் வயிற்றையும் அடிமுடியையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவு 2. ஊதிப் பார்க்கலாம். எதிர்த்திசையில்.

முடிவு 3. நிறத்தை முதலில் அறிவித்தவருக்கும் முயலின் நிறத்துக்கும் தொடர்பில்லை.

பரிந்துரை 1. விற்பனையாளர்கள் ‘இதே கலர்தான்’ என்பதற்குப் பதிலாக ‘இன்றைய கலர்’ என்று சொல்ல வேண்டும். தங்கக் கடைகளில் இம்முறை நடைமுறையில் உள்ளது.

பரிந்துரை 2. குட்டிகளுக்கு நிறத்தை வைத்துப் பெயரிடுவதை ஆறு மாதம் ஒத்திவைக்க வேண்டும். கறுப்பி என்று பெயரிட்ட முயல் வெள்ளியாவதும், ஸ்னோயி என்று பெயரிட்ட முயலுக்கு மூக்குக் கறுப்பதும் பரவலான குடும்பச் சிக்கல்கள். இடைக்காலத்தில் ‘ஏய்’ என்று அழைக்கலாம். எப்படி அழைத்தாலும் அது வரப்போவதில்லை.

பரிந்துரை 3. மூன்றாம் மாடி அறிஞரின் தலைமையில் ‘கறுப்பு முயலியல்’ என்ற பொருளில் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்தலாம். மதிய உணவு உண்டு என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் குறிப்பிட்டால் மேற்பார்வையாளரும் புறத்தேர்வாளரும் தாமே வருவர்.

கையெழுத்துப் படியைச் சரிபார்ப்பதற்காக முதன்மைத் தகவலாளரிடம் அளித்தோம். அவர் மொத்தத்தையும் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரே திருத்தம் இது: “அதுக்கு ஏற்கெனவே பேர் வெச்சாச்சு. லட்டு.” லட்டு எந்த நிறம் என்பதில் இனிப்புக்கடைகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதை அடுத்த கட்டுரைக்கு ஒத்திவைக்கிறோம்.